மூணடிப் பலகையும் முனீஸ்வரன் கோயில் தெருவும்!

'காரைக்குடிக்குப் போறேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'செட்டிநாட்டு சாப்பாடா?' என்பான் ஒருத்தன். 'ஷூட்டிங் எதுவும் நடக்குதா மச்சி?' என்பான் இன்னொருத்தன். நான் போனது பலகை வாங்க! பதினோரு பலகை. ஒவ்வொன்றும் மூணடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குலக் கனம். சிரிக்காதீங்க பாஸ்... வீட்டில் மரப்படிக்கட்டு இருப்பவர்களுக்குத்தான் இந்த அவஸ்தை புரியும்.

எங்க வீடு புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில். ஓட்டு வீடு, உள்ளே ஒரு மச்சு. மச்சுக்கு ஏற மரப்படி. பக்கச் சட்டங்கள் இரண்டும் தேக்கு; தாத்தா காலத்திலிருந்து கல்லு மாதிரி நிற்கின்றன. மிதிக்கிற பலகைகள் மட்டும் மாம்பலகை. அந்தக் காலத்தில் காசு அங்கே தீர்ந்துவிட்டதாம்! அவை இப்போது உளுத்து, நாலாவது படியில் கால் வைத்தால் பலகை ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் தாங்குகிறது. எங்க அப்பத்தாவுக்கு எழுபத்தாறு வயசு. மச்சில்தான் அதனுடைய டிரங்குப் பெட்டி, தாத்தா போட்டோ எல்லாம். தினமும் சாயங்காலம் ஏறி விளக்குப் போட்டு இறங்கும். ரெண்டு மாசமாக ஏறவில்லை. அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எல்லாத்தையும் பிரிச்சுட்டு இரும்பு ஏணி வெச்சுடலாம்." இரும்பு ஏணியில் அப்பத்தா ஏறாது. அது எங்க வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும்!

'பதினைஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சா மரம், இல்லைன்னா இரும்பு' என்று டீல் பேசிக்கொண்டு களத்தில் இறங்கினேன். செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற மாசத்தில் அதுக்கு மேல் கேட்க எனக்கே மனசு வரவில்லை.

முதலில் திருச்சியில் ஒரு ஷோரூம். ஏ.சி. ஓடுகிறது, பலகைகளுக்கு! பாலிஷ் போட்டு ரெடிமேடாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு படிப் பலகை 3,800 ரூபாய். பதினொன்றுக்கு 41,800. 'தேங்க்ஸ் ஸார்' என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். அடுத்து புதுக்கோட்டையில் ஒரு மர டிப்போ. புதுத் தேக்கு கன அடி 5,500 என்றார்கள். எனக்கு அறுப்புச் சேதாரத்தோடு மூன்றரை கன அடி வேண்டும். போனில் தட்டிப் பார்த்தால் 19,250. ஆசாரி கூலியே இல்லாமல்! இந்தக் கட்டத்தில்தான் ஆசாரி மாமா வாயைத் திறந்தார்: "படிக்கு எதுக்குப்பா புது மரம்? காரைக்குடிக்குப் போய் இடிப்பு மரம் பாரு."

இடிப்பு மரம். அதாவது, இடித்த வீட்டு மரம்.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் திருமயம் கோட்டை 'ஹாய்' சொல்லும். ஜன்னல் சீட் கிடைத்தால் ரசியுங்கள். காரைக்குடியில் இறங்கி முனீஸ்வரன் கோயில் தெரு என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு. இனாமல் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், பித்தளைக் குத்துவிளக்குகள், தஞ்சாவூர் ஓவியங்கள், பல்லாங்குழி, யாரோ ஒரு தாத்தாவின் மூக்குக்கண்ணாடி... ஒவ்வொரு கடையும் ஒரு பாட்டி வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டியது போல் இருக்கிறது. வேடிக்கை பார்க்கக் காசு கேட்பதில்லை. அரை நாள் ஒதுக்குங்கள்.

ஆனால், பலகை வாங்க இது இடமில்லை. ஒரு கடையில் வாசல் ஓரம் கிடந்த தேக்குப் பலகையைத் தொட்டேன். "அது ஊஞ்சல் பலகை தம்பி... ஆன்ட்டிக்" என்று ஒரு விலை சொன்னார் கடைக்காரர். அந்தப் பலகையில் என் அஞ்சு படி அடங்கும். அந்த விலையில் என் மொத்தப் படிக்கட்டும் அடங்கும்! என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே இரக்கப்பட்டார். "உனக்கு வேண்டியது சாமான் இல்ல தம்பி, மரம். ஊர் ஓரத்துல போர்டு மாட்டியிருப்பான் பாரு, 'பழைய மரம், கதவு, ஜன்னல் கிடைக்கும்'னு. அங்க போ."

போனேன். பெரிய வெட்டவெளி. தகரக் கொட்டகை ஒன்று. மீதியெல்லாம் மரம். கதவுகள் கதவுகளாகச் சாய்ந்து நிற்கின்றன. நிலைகள், உத்தரங்கள், கைமரங்கள், தூண்கள் தனித்தனி அம்பாரம். உரிமையாளர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். 'படிக்குப் பலகை வேணும்ணே' என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'என்ன மரம்?' இல்லை. "என்ன நீளம்?"

மூணடி என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப பொழச்சே!"

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுதான். மரத்துக்கு விலை ஜாதியால் மட்டும் வருவதில்லை, நீளத்தாலும் வருகிறது. கதவு நிலை செய்ய ஏழடி வேண்டும். கட்டிலுக்கு ஆறடி வேண்டும். ஏழடிக்கு மேல் பழுதில்லாமல் இருக்கிற தேக்குக்கு ஆசாரிகள் க்யூவில் நிற்கிறார்கள். ஆனால், பழைய உத்தரத்தில் பொருத்து வெட்டிய இடத்தை அறுத்துத் தள்ளினால், ஆணி ஓட்டை விழுந்த பகுதியைக் கழித்தால், மிச்சம் விழுவது மூணு, மூன்றரை அடித் துண்டுகள். இவற்றை வைத்து யாரும் கதவு செய்ய முடியாது. பல துண்டுகள் ஸ்டூலாகவும் ஃபோட்டோ ஃபிரேமாகவும் போய்ச் சேர்கின்றன. படிக்கு வேண்டியதோ மூணடிதான்! நீங்கள் 'படிக்கட்டுப் பலகை இருக்கா?' என்று கேட்டால் முழு மரத்தின் விலை வரும். 'துண்டு மரம் இருக்கா?' என்று கேளுங்கள். நான் போன அன்று அதே பர்மா தேக்கு நீளத்தில் கன அடி 4,500, துண்டில் 2,000!

அம்பாரத்தின் பின்பக்கம் துண்டுகள் குவிந்து கிடந்தன. மேலே கறுப்பும் சாம்பலும். பார்த்தால் விறகு என்பீர்கள். அண்ணன் ஒன்றை எடுத்து, இடுப்பில் இருந்த கத்தியால் ஓரத்தை லேசாகச் சீவினார். உள்ளே தங்க நிறம். மூக்கில் வைத்துப் பாருங்கள் என்றார். தோல் செருப்புக் கடை வாசனையில் கொஞ்சம் எண்ணெய் கலந்த மாதிரி ஒரு வாசம். நூறு வருஷத்துக்கு அப்புறமும் எண்ணெய்! கரையானுக்குத் தேக்கு பிடிக்காமல் போக அந்த எண்ணெயும் அதிலுள்ள சில ரசாயனங்களும்தான் காரணம்.

இந்த மரம் இங்கே வந்த கதை தெரியுமா? பர்மாக் காட்டில் தேக்கை நேரடியாக வெட்ட மாட்டார்கள். முதலில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கடுத்த வெள்ளை மரத்தையும் வளையமாகச் செதுக்கிவிட்டு, ரெண்டு மூணு வருஷம் நின்றபடியே காயவிடுவார்கள். ஏன் என்றால், பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்தால்தான் மிதக்கும். அதற்குப் பிறகு வெட்டி, யானைகள் இழுத்து, ஓடையில் தள்ளி, தெப்பமாகக் கட்டி ஐராவதி ஆற்றில் ரங்கூன் வரை மிதக்கவிட்டார்கள். அங்கிருந்து கப்பல். பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார் தங்கள் ஊரில் வீடு கட்ட இந்த மரத்தை வரவழைத்தார்கள். ஆக, மரத்தின் 'சீசனிங்' காட்டில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டது! அப்புறம் செட்டிநாட்டு வெயிலில் ஒரு நூறு வருஷம். புது மரம் வாங்கினால் சுருங்குமா, வளையுமா என்று கவலைப்பட வேண்டும். இது ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடித்த மரம்.

இன்னொரு விஷயம். 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் தடை செய்துவிட்டது. புதிதாக 'பர்மா தேக்கு' என்று யாராவது மலிவாக நீட்டினால் ரெண்டு தடவை யோசியுங்கள். இப்போது கடைகளில் இருக்கும் புதுத் தேக்கில் நிறைய ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்தவை. மோசம் என்று சொல்லவில்லை. இளமரம் என்றால் வெள்ளைப் பகுதி அதிகமாக இருக்கும். பூச்சிக்கு அதுதான் ஸ்வீட் ஸ்டால்!

சரி, துண்டு மரக் குவியலில் எதை எடுப்பது? அண்ணன் சொன்னதோடு ஆசாரி மாமா போனில் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். பலகையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கி, நடுவில் விரலை மடக்கித் தட்டுங்கள். 'டங்' என்றால் ஓகே. 'டொப்' என்றால் உள்ளே விரிசல் அல்லது பொந்து. சின்ன வட்ட ஓட்டைகள் இருந்தால் பலகையைத் தரையில் தட்டிப் பாருங்கள். மைதா மாதிரி புதுசாகத் தூள் கொட்டினால் உள்ளே ஆள் குடியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படியே வைத்துவிடுங்கள். ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பழைய சமாச்சாரம். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் எடுக்கலாம். பலகையின் நீளவாக்கில் கண்ணை வைத்து, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல் பாருங்கள். முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். முறுக்கிய பலகையை இழைத்து நேராக்கினால் கனம் போய்விடும்.

கனம் ஏன் இவ்வளவு முக்கியம்? இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு ஒரு சான்ஸ். பலகை வளையாமல் தாங்கும் திறன் கனத்தின் மூன்றாம் படியில் ஏறும். ஒரு அங்குலப் பலகையை ஒண்ணேகால் அங்குலமாக்கினால் கால் பங்கு மரம்தான் கூடுகிறது. விறைப்போ கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தேர்டு செமில் போர்டில் எழுதிப்போட்டபோது தூங்கிய சமன்பாடு, காரைக்குடி வெயிலில் கண் முன்னால் வந்து நின்றது! எங்க வீட்டுச் சட்டத்தில் பலகை சொருகும் காடியும் ஒண்ணேகால்தான். தாத்தா காலத்து ஆசாரி எந்த செமஸ்டரும் எழுதாமலே சரியாக வைத்திருக்கிறார். ஆனால், பழைய மரத்தை இழைக்கும்போது ரெண்டு பக்கமும் கொஞ்சம் போகும். அதனால், ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்து எடுக்கவே கூடாது.

கணக்கு போடுவதையும் கற்றுக்கொண்டு போங்கள். நீளத்தை அடியிலும், அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. மூணேகால் அடி, ஒன்பதரை அங்குலம், ஒன்றரை அங்குலம் என்றால் ஒரு துண்டு 0.32 கன அடி. பதினொன்றுக்கு மூன்றரை. டேப் பிடிக்கும்போது 'ஒன்பதே முக்கால்... பத்துன்னு வெச்சுக்கலாம்' என்று ஒரு பாட்டு பாடுவார்கள். நீங்களும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, 'கழிவுப் பகுதியை அளக்காதீங்கண்ணே' என்று எதிர்ப்பாட்டு பாட வேண்டும். சண்டையெல்லாம் வேண்டாம், சிரித்துக்கொண்டே! ஒன்பது அங்குல அகலம் ஒரே பலகையாகக் கிடைத்தது ஏழுதான். மீதி நாலு படிக்கு ரெண்டு ரெண்டு துண்டாக எடுத்து, நாக்கும் காடியுமாக ஒட்டிக்கொள்ளலாம் என்றார் மாமா. ஒரே நிபந்தனை: முன்பக்கம் வருகிற துண்டு அகலமானதாக இருக்கணும். மிதி விழுவது அங்கேதான்.

துண்டுகளைப் பொறுக்கும்போது ஒன்று கையில் சிக்கியது. சுவர் அலமாரித் தட்டாக இருந்திருக்க வேண்டும். விளிம்பில் நீல மசியில், வளைவான எழுத்தில் 'வடாம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொன்றில் 'மாவடு'. சட்டென்று கை நின்றுவிட்டது. அதுவரைக்கும் அது மரம். அதற்கப்புறம் அது யாரோ ஒரு ஆச்சியின் சமையல்கட்டு.

"இது எந்த ஊர் வீடுண்ணே?" என்றேன். ஊர் பேர் சொன்னார். ரெண்டு கட்டு வீடு, முகப்பு, வளவு எல்லாம் உண்டு. பங்காளிகள் இருபத்தி மூணு பேராம். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஆளுக்கொரு பக்கம். ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும். அதில் ஒருத்தர் பங்கு ஒரு அறைகூட வராது. யார் செலவு செய்வது? கூரை ஒழுகி ஒரு கட்டு விழுந்ததும் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டார்களாம். "ஊரெல்லாம் எங்களைத் திட்டுது தம்பி, வீட்ட இடிக்கிறாங்கன்னு. நாங்க வாங்கலைன்னா அந்தத் தேக்கு மழையில நின்னு மக்கும். அது பரவாயில்லையா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததிலிருந்தே அந்தப் பணம் வருகிற வழி அடைபட ஆரம்பித்துவிட்டது. 1962க்குப் பிறகு ராணுவ ஆட்சி மிச்சத்தையும் தேசியமயமாக்கியது. வீடுகள் மட்டும் இங்கே நின்றன. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014லிருந்து இருக்கின்றன. சில வீடுகளை ஹோட்டலாக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். எல்லா வீடும் ஹோட்டலாக முடியுமா? ஒன்று மட்டும் முடிவு செய்தேன். செதுக்கிய தூணையோ, முழுசாக நிற்கும் கதவு நிலையையோ அறுக்கச் சொல்லி வாங்க மாட்டேன். அதற்கு ஆர்டர் கொடுக்க ஆள் இருப்பதால்தான் நிற்கிற வீட்டுக்கும் விலை பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே துண்டாகிக் கிடப்பதற்கு என் வீட்டில் ஒரு படி வேலை இருக்கிறது, கொடுக்கிறேன்.

வடாமும் மாவடும் என் கணக்கில் சேர்ந்தன. மொத்தம் 7,000 ரூபாய். பில் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேக்கு ஏற்றிய வண்டியை வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட ஒரு காகிதம் கையில் வேண்டுமே. புதுக்கோட்டைக்குக் காலியாகத் திரும்பிய ஒரு மினி லாரியில் 600 ரூபாய்க்கு ஏற்றிவிட்டார் அண்ணன்.

அறுப்பு மில்லில் ஒரு கூத்து. பழைய மரம் என்றாலே மில்காரர் முகம் சுளிப்பார். உள்ளே புதைந்திருக்கும் ஆணி ஒன்று போதும், பிளேடு காலி. அதனால், பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டி, ஒவ்வொரு பலகை மேலும் மெதுவாக இழுத்தேன். காந்தம் 'டக்'கென்று ஒட்டுகிற இடத்தில் சாக்பீஸ் வட்டம். மொத்தம் பத்தொன்பது ஆணி! எல்லாம் சதுரத் தலை கொண்ட பட்டறை ஆணிகள். பிடுங்கிக் கொடுத்த பிறகு மில்காரர் 900 ரூபாயில் முடித்துக் கொடுத்தார். ஆசாரி மாமாவுக்கு மூணு நாள் கூலி 3,600. பாலிஷ் 1,100. கூட்டிப் பாருங்கள்... 13,200!

காரைக்குடி தூரம் என்பவர்களுக்கும் வழி உண்டு. பழைய கட்டடம் இடிக்கும் காண்ட்ராக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மரக் குடோனும் இருக்கும். புது மரம்தான் வேண்டும் என்றால் வேங்கையைக் கேளுங்கள். தேக்கைவிடக் கெட்டி. ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் விடும் என்பதால் பாலிஷை அடிப்பக்கம், விளிம்பு என்று எங்கும் விடாமல் போட வேண்டும். ரப்பர் மரம் மலிவு, ஆனால் மருந்தேற்றிப் பதப்படுத்தியதாக இருக்கணும்; மழைச் சாரல் அடிக்கும் படிக்கு வேண்டவே வேண்டாம். 'இது ஹார்ட்வுட் ஸார்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அசந்துவிடாதீர்கள். தாவரவியல்படி பால்சா மரமும் ஹார்ட்வுட்தான். அதில் பொம்மை விமானம் செய்கிறார்கள்!

பலகை வந்ததும் உடனே அடிக்கக் கூடாது. திறந்தவெளியில் கிடந்த மரம். இடையில் ரீப்பர் கொடுத்து, காற்றுப் போகிற மாதிரி அடுக்கி, ரெண்டு வாரம் எங்க வீட்டு நிழலில் இருக்கவிட்டோம். எங்க படி ரொம்பச் செங்குத்து. ஒவ்வொரு ஏற்றமும் ஒன்பது அங்குலம், அதாவது 229 மில்லிமீட்டர். வீட்டுப் படிக்கு 190க்கு மேல் போகக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சட்டத்தை மாற்றாமல் அதைக் குறைக்க முடியாது. ஆகவே, வலது கைப்பக்கம் ஒரு கைப்பிடிக் கட்டை. கழிவில் விழுந்த தேக்கில் செய்ததால் மரச்செலவு பூஜ்யம். ஒவ்வொரு பலகையின் முன் விளிம்பிலும் கால் வழுக்காமல் இருக்க ரெண்டு கோடு காடி எடுக்கச் சொன்னேன். பளபளா பாலிஷ் கேட்ட அப்பாவிடம் மாமாவே, "வழுக்கும் மாப்ள" என்று சொல்லி மெழுகு மட்டும் தேய்த்து முடித்தார்.

எழுத்து இருந்த ரெண்டு பலகைகளிலும் விளிம்பை மட்டும் இழைக்காமல், அது பின்பக்கம் வருகிற மாதிரி பொருத்தியிருக்கிறோம். படிக்கு அடியில் நெல் மூட்டைக்காகக் குனிகிறவர்கள் படிக்கலாம். அப்பத்தா குனிந்து படித்துவிட்டு, "நல்ல கையெழுத்தா இருக்கே... மாவடு போடத் தெரிஞ்சவதான்" என்றது. மெழுகு வாசனை போகட்டும், வெள்ளிக்கிழமை ஏறுகிறேன் என்று சொல்லியிருக்கிறது. இன்றைக்குப் புதன்.